கூடங்குளம் முதல் நெல்லை வரை: நியூட்ரினோக் கணக்கில் பதர் தூற்றுதல்

கூடங்குளம் அணு உலைகளையும் நெல்லையப்பர் கோயிலையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு ஏறக்குறைய சரியாகத் தெற்கு வடக்காக விழும். நீளம் சுமார் 62 கிலோமீட்டர். நியூட்ரினோ என்பது எதிலும் அரிதாகவே மோதும், மின்னூட்டமற்ற நுண்துகள். அது வகை மாறும் நியூட்ரினோ அலைவைப் படித்தவர் கண்ணில் இந்தத் தூரம் உடனே படும்.

கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் ஒவ்வொன்றும் 3000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்டவை. ஒரு கிகாவாட் வெப்பத்துக்கு நொடிக்கு சுமார் 2×10²⁰ எதிர்நியூட்ரினோக்கள் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்கள்) என்பது பொதுக் கணக்கு. ஆக ஒரு உலையிலிருந்து நொடிக்கு 6×10²⁰. எல்லாம் எலக்ட்ரான் வகையாகவே பிறக்கின்றன. போகும் வழியில் வகை மாறி மாறி அலைகின்றன. அலைவின் நீளம் ஆற்றலைப் பொறுத்தது. 62 கிலோமீட்டரில், 3.75 மெகா எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்இவி) ஆற்றலுள்ளவற்றில் ஏழில் ஒன்றுதான் எலக்ட்ரான் வகையாக வந்து சேரும். மீதி ஆறும் வேறு வகையாகிவிடும். உலை நியூட்ரினோ டிடெக்டருக்கு அவை தெரியாது. அதாவது ஆற்றல் நிறமாலையில் பெரும்பள்ளம் விழும் இடத்தில் நம் ஊர் உட்கார்ந்திருக்கிறது. சீனாவில் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிய ஜூனோ டிடெக்டரை உலைகளிலிருந்து 53 கிலோமீட்டரில் வைத்ததும் இந்தப் பள்ளத்துக்காகத்தான்.

நெல்லையில் அப்படி ஒரு டிடெக்டர் இல்லை. ஆனாலும் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது, இந்தத் துறையின் பிழைக் கணக்கைப் புரிந்துகொள்ள நல்ல வழி. ஜூனோவில் 20,000 டன் மிளிர்திரவம், அதாவது துகள் பட்டால் ஒளிரும் திரவம். உலைகளின் மொத்த வெப்பத்திறன் 26.6 கிகாவாட், தேர்வு விதிகளுக்கு முன் நாளுக்கு 60 நிகழ்வு வாக்கில் எதிர்பார்ப்பு. அதைத் திறனுக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பச் சுருக்கினால், பாளையங்கோட்டைக்குக் கீழே அதே 20,000 டன்னில் நாளுக்குப் பத்து வாக்கில் கிடைக்கும். 20 டன் தொட்டி என்றால் வருடத்துக்கு மூன்று நான்கு. இந்தப் பத்து நெல்மணியைப் பொறுக்கத்தான் அத்தனை பதரையும் தூற்ற வேண்டும்.

எதிர்நியூட்ரினோ ஒரு புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் நியூட்ரானும் வரும். இதற்கு 1.8 எம்இவி ஆற்றலாவது வேண்டும். பாசிட்ரான் உடனே ஒளிர்ந்து அழிகிறது, இது முன்மின்னல். நியூட்ரான் சற்று அலைந்து ஏதாவது ஒரு அணுக்கருவில் பிடிபட்டுக் காமாக் கதிர் விடுகிறது, இது பின்மின்னல். திரவத்தில் 0.1 சதவீதம் காடோலினியம் கலந்திருந்தால் சராசரி 30 மைக்ரோவினாடியில் பிடிபட்டு மொத்தம் 8 எம்இவி விடும். காடோலினியம் இல்லாவிட்டால் ஹைட்ரஜனில் 200 மைக்ரோவினாடி வாக்கில் பிடிபட்டு 2.2 எம்இவி மட்டும். முன்னும் பின்னுமாக ஒரு ஜோடி, அதுதான் அடையாளம். அந்த அடையாளத்தைப் போலியாகக் காட்டும் எதுவும் பின்னணி.

முதல் போலி தற்செயல் ஜோடி. சம்பந்தமில்லாத இரண்டு மின்னல்கள் தற்செயலாக அடுத்தடுத்து விழுவது. இங்கே நம் மண்ணே பேச்சுக்குள் வந்துவிடுகிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் பேர்போன கனிம மணல் படிவு அங்கேயே நின்றுவிடுவதில்லை. நெல்லைக் கடற்கரைக்கும் நீள்கிறது. இல்மனைட்டும் கார்னெட்டும் மிகுதி, கூடவே கொஞ்சம் மோனசைட். நம் பக்கத்து மோனசைட்டில் ஒன்பது சதவீதம் வாக்கில் தோரியம் ஆக்சைடு. ஒரு கிராம் மோனசைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தோரியம் 0.079 கிராம். ஒரு கிராம் தோரியம்-232 நொடிக்கு 4060 சிதைவு என்பதால் இதில் நொடிக்கு 320. சங்கிலியின் கடைசியில் வரும் தாலியம்-208 நூற்றில் 36 தடவைதான் உண்டாகும், உண்டானால் 2.6 எம்இவி காமா நிச்சயம். ஆக ஒரு கிராமிலிருந்து நொடிக்கு 115 காமாக்கள். டிடெக்டரின் கான்கிரீட்டுக்கு எந்த மணலை அள்ளுகிறோம் என்பது கொத்தனார் முடிவு செய்யும் விஷயம் அல்ல. ஒவ்வொரு லோடிலும் ஒரு கிலோ எடுத்து, அடைத்து, ரேடான் வாயுவின் வாரிசுகள் சமநிலைக்கு வர மூன்று நான்கு வாரம் வைத்து, ஜெர்மேனியம் காமா மானியில் அளந்த பிறகுதான் கலவைக்கு விட வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கணக்கு சொல்லும். தற்செயல் ஜோடியின் வீதம் = முன்மின்னல் போன்றவற்றின் வீதம் × பின்மின்னல் போன்றவற்றின் வீதம் × காத்திருக்கும் நேரம். முன்மின்னல் போலிகள் நொடிக்கு 10, 8 எம்இவி பக்கம் விழும் பின்மின்னல் போலிகள் 100 நொடிக்கு ஒன்று, காத்திருப்பு 200 மைக்ரோவினாடி என்று வையுங்கள். பெருக்கினால் நாளுக்கு 1.7. இதையே காடோலினியம் இல்லாமல் செய்தால், 2.2 எம்இவி தேடும் சன்னலுக்குள் தாலியத்தின் 2.6 எம்இவியும் நுழைந்துவிடும். பின்மின்னல் போலிகளும் நொடிக்கு 10 ஆகும். காத்திருப்பும் 600 மைக்ரோவினாடியாக நீள வேண்டும். நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல்! காடோலினியம் கலக்காத பெரிய டிடெக்டர்கள் இதனால்தான் இரு மின்னல்களும் ஒன்றரை மீட்டருக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பது போன்ற தூர விதியும், சுவரோரத்து நிகழ்வுகளைத் தள்ளும் விதியும் வைக்கின்றன. தொட்டியைச் சுற்றி 2.5 மீட்டர் நீர் வைத்தால் 2.6 எம்இவி காமா சிதறாமல் ஊடுருவி வருவது ஐம்பதாயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் நீருக்கு உள்ளே இருக்கும், மின்னலைப் பிடிக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்களின் கண்ணாடியை நீர் மறைக்காது. அங்கே தோரியம், யுரேனியம், பொட்டாசியம் குறைந்த கண்ணாடிதான் ஒரே வழி.

நெல்லைத் தூரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. 3.75 எம்இவி நியூட்ரினோ டிடெக்டரில் ஏறக்குறைய 3 எம்இவியாகத்தான் தெரியும், கழிவு 0.78. ஆக அலைவுப் பள்ளம் கண்ணுக்குத் தெரியும் இடம் 3 எம்இவி சுற்றுவட்டாரம். அதற்கு ஒட்டிக் கீழே 2.6இல் தோரியக் கோடு. சமிக்ஞை மிகக் குறைந்த இடத்தின் விளிம்பில் பின்னணி மிகக் கூடியது வந்து கொட்டுகிறது. பள்ளத்தைத் தூர்த்துவிட்டால் அலைவின் அளவு குறைவாகத் தோன்றும்.

இத்தனைக்கும் பிறகு சொல்கிறோம்: தற்செயல் ஜோடியைக் கண்டு பயப்பட வேண்டாம். அதை அப்பட்டமாக அளந்துவிட முடியும். முன்மின்னலுக்குப் பின் 200 மைக்ரோவினாடி பார்ப்பதற்குப் பதில், 20 மில்லிவினாடி தள்ளி அதே நீளச் சன்னலைத் திறந்து எண்ணினால் அங்கே விழுவதெல்லாம் தற்செயலே. அப்படி நூறு சன்னல் திறந்தால் புள்ளியியல் பிழை பத்தில் ஒன்றாகும். கவனிக்க வேண்டியவை இரண்டு. தள்ளி வைத்த சன்னல்களுக்கும் மியூவான் விலக்கு நேரத்தை (வானிலிருந்து வரும் மியூவான் துகள் கடந்தபின் எண்ணாமல் விடும் நேரத்தை) அதே விதியில் கழிக்க வேண்டும். இரண்டாவது, வீதங்களைத் தினசரி பெருக்கிக் கூட்ட வேண்டும், வருடச் சராசரிகளைப் பெருக்கக் கூடாது. ரேடானை விரட்டும் நைட்ரஜன் ஓட்டம் நின்று ரேடான் ஏறும் நாளில் இரண்டு வீதமும் சேர்ந்தே ஏறினால், பெருக்கலின் சராசரி சராசரிகளின் பெருக்கலைவிடக் கூடும். இரண்டும் சேர்ந்து 10 சதவீதம் ஆடினால் பிழை 1 சதவீதம்.

பயப்பட வேண்டியது லித்தியம்-9ஐ. அளவில் சின்னது, பிடிகொடுக்காதது. வானிலிருந்து வரும் மியூவான் திரவத்தின் கார்பனைச் சிதறடிக்கும்போது லித்தியம்-9, ஹீலியம்-8 பிறக்கின்றன. லித்தியம்-9 பாதித் தடவை பீட்டாவையும் நியூட்ரானையும் சேர்த்தே விடும். முன்மின்னல், பின்மின்னல், ஆற்றல், நேர இடைவெளி எல்லாம் நியூட்ரினோ ஜோடி மாதிரியே. வேறுபடுத்த ஒரே தடயம், சற்று முன் ஒரு மியூவான் போயிருக்கும் என்பது. லித்தியம்-9இன் சராசரி ஆயுள் 257 மில்லிவினாடி. கடைசி மியூவானிலிருந்து எவ்வளவு நேரம் என்று வரைபடம் போட்டு, அதில் 257 மில்லிவினாடிச் சரிவைப் பொருத்தி எடுப்பது வழக்கம்.

வரைபடம் எப்போது ஏமாற்றும்? நொடிக்கு 20 மியூவான் டிடெக்டரைக் கடந்தால் இரண்டுக்கும் இடைவெளி சராசரி 50 மில்லிவினாடி. லித்தியம் சிதைவதற்குள் நான்கைந்து புது மியூவான்கள் வந்துவிடும். எது தாய் என்று தெரியாது. அப்போது வரைபடத்தில் தெரியும் சரிவு 257 அல்ல. ஆயுளின் தலைகீழும் மியூவான் வீதமும் கூடிய சரிவு, 42 மில்லிவினாடி. வெறும் மியூவான் இடைவெளியின் 50உம் இந்த 42உம் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒட்டி இருக்கின்றன. சீனாவின் தாயா பே உலை நியூட்ரினோச் சோதனையில் உலைக்கு அருகமை டிடெக்டர்களின் நிலை இதுதான். துகள்களைப் பெருமழையாகப் பொழியும் மியூவான்களுக்குப் பின் ஒரு வினாடி டிடெக்டரைக் கண்மூடவைத்தார்கள். மற்ற மியூவான்களுக்கு, பின்னால் நியூட்ரான் வந்தவற்றை மட்டும் எடுத்துப் பொருத்தினார்கள். அந்தத் தேர்வில் எத்தனை லித்தியம் தப்பியது என்ற கேள்வி புதிய பிழையாகச் சேரும். முடிவில் அங்கே லித்தியம் பின்னணி சமிக்ஞையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அதன் மீதான நிச்சயமின்மை அதில் பாதிக்கு அருகில். நாளுக்கு நூறு தற்செயல் ஜோடி இருந்து அதை நூற்றில் ஒரு பங்குத் துல்லியத்தில் அளக்க முடிந்தால் பிழை ஒன்று. நாளுக்கு மூன்றே லித்தியம் இருந்து பாதிக்குப் பாதி தெரியாவிட்டால் பிழை ஒன்றரை. பின்னணியின் பருமனைவிட அதன் மீதான அறியாமைதான் முடிவைத் தின்கிறது. பின்னணி அட்டவணையைப் பார்க்கும்போது நிச்சயமின்மையைச் சொல்லும் இரண்டாவது நிரலை முதலில் பாருங்கள்.

மியூவானைக் குறைக்க மேலே பாறை வேண்டும். தாயா பே அருகமைக் கூடத்துக்கு மேலே நீர்க்கணக்கில் (பாறையை அதே அளவு தடுக்கும் நீரின் உயரமாகச் சொன்னால்) 250 மீட்டர். சதுர மீட்டருக்கு நொடிக்கு 1.16 மியூவான். தொலைக் கூடத்துக்கு 860 மீட்டர், 0.054. கூடங்குளக் கரையோ தட்டை. 250 மீட்டர் நீர்க்கணக்குக்கே 90 மீட்டருக்கு மேல் பாறை வேண்டும், கடலோரத்தில் அந்த ஆழத்துக்குக் குழி தோண்டினால் ஊற்றோடு போராட வேண்டும். மேற்கே 1645 மீட்டர் உயர மகேந்திரகிரியில் பக்கவாட்டுச் சுரங்கம் போடுவது எளிது. ஆனால் தூரம் பள்ளத்துக்கு ஏற்றதாக இராது. ஆழமும் தூரமும் ஒரே இடத்தில் வாய்ப்பது அரிது.

வேக நியூட்ரான் இன்னொரு போலி. பக்கத்துப் பாறையில் மியூவான் உதைத்த நியூட்ரான் உள்ளே வந்து புரோட்டானைத் தள்ளி முன்மின்னல் காட்டி, பிறகு பிடிபட்டுப் பின்மின்னலும் காட்டும். 12 எம்இவிக்கு மேலே உலை நியூட்ரினோ ஏறக்குறைய கிடையாது. அங்கே எண்ணி, கீழ்நோக்கி நீட்டி மதிப்பிடுவார்கள். நீட்டும் கோடு தட்டையா சாய்வா என்று நீர்த்தொட்டி மியூவான் காட்டிய நிகழ்வுகளை வைத்துச் சரிபார்க்காமல் தட்டை என்று எழுதிவிடுவது சோம்பல்.

ஆல்பா துகள் கார்பன்-13ஐ மோதி நியூட்ரான் விடுவது ஜப்பானின் காம்லேண்ட் டிடெக்டருக்கு வந்த சங்கடம். ரேடானின் பேரன் பொலோனியம்-210 திரவத்தில் தங்கியிருந்தது. திரவம் நிரப்பும்போது பட்ட காற்று, வருடக்கணக்கில் கூடவே இருந்தது. இன்னும் நெருடலானது தாயா பேயில்: அளவுத்திருத்தத்துக்கென்று டிடெக்டரின் தலைமேல் நிறுத்திவைத்த அமெரிசியம்-கார்பன் மூலமே சின்னதாக ஒரு பின்னணி ஆனது. அதன் நியூட்ரான்கள் சுற்றியிருந்த எஃகில் சிதறியும் பிடிபட்டும் காமா ஜோடிகளை உள்ளே அனுப்பின. அளக்கக் கொண்டுவந்த படிக்கல்லே தட்டில் ஏறிவிட்ட மாதிரி.

கனநீர் என்றால் தூத்துக்குடி ஆலையை நினைக்கும் நமக்குக் கனடாவின் சட்பரி டிடெக்டரின் கதை சட்டென்று பிடிபடும். 1000 டன் கனநீர். நியூட்ரினோ டியூட்ரானை (கனநீரிலுள்ள கன ஹைட்ரஜனின் கருவை) உடைத்து நியூட்ரான் விடுவதை எண்ண வேண்டும். 2.2 எம்இவிக்கு மேற்பட்ட எந்தக் காமாவும் அதே டியூட்ரானை உடைக்கும். தாலியம்-208இன் 2.6 அதற்குப் போதும். ஒளியின் வடிவத்தில் இந்த நியூட்ரானுக்கும் அந்த நியூட்ரானுக்கும் துளி வித்தியாசம் இல்லை. கனநீரில் தோரியத்தை ஒரு கிராமுக்கு 10⁻¹⁵ கிராம் அளவில் வைத்து, மிச்சம் எவ்வளவு என்று தனியே ரசாயன முறையிலும் அளந்தார்கள். இல்லையேல் சூரிய நியூட்ரினோப் புதிர் தீர்ந்திருக்காது.

பின்னணியை நேரே பார்க்க உலையை நிறுத்துவதைவிட நல்ல வழி இல்லை. பிரான்ஸின் டபுள் ஷோ (Double Chooz) உலை நியூட்ரினோச் சோதனைக்கு இரண்டு உலையும் சேர்ந்து நின்ற 7.53 நாள் கிடைத்தது. நாளுக்கு 2.0±0.6 பின்னணி என்று கணித்திருந்தார்கள், அளந்தது 1.0±0.4. முரண் இல்லை, ஆனால் கணிப்பைத் திருத்தும் அளவுக்குப் பயன். கூடங்குளத்தில் எரிபொருள் மாற்ற ஒரு உலை நின்றால் பாதித் திறன் மட்டும் தெரியும். முழுத் திறன் வீதத்தையும் பாதித் திறன் வீதத்தையும் கோடாக இழுத்து, திறன் பூஜ்யத்தில் எங்கே வெட்டுகிறது என்று பார்க்கலாம்: பாதி வீதத்தின் இரட்டிப்பில் முழு வீதத்தைக் கழித்தால் பின்னணி. இரட்டிப்பதால் பாதி வீதத்தின் பிழையும் இரட்டிக்கும். உலை நின்றதும் நியூட்ரினோ முழுதாக நிற்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. சீரியம்-144, ருத்தீனியம்-106, ஸ்டிரான்சியம்-90 ஆகியவற்றின் பிள்ளைகள் 1.8 எம்இவிக்கு மேல் விட்டுக்கொண்டே இருக்கும். குளத்தில் கிடக்கும் பழைய எரிபொருளும் அப்படியே.

இனி முறைசார் பிழை. பின்னணி பதர் என்றால் இது மரக்கால் கோளாறு. களத்துமேட்டில் அளந்த நெல்லும் பத்தாயத்தில் அளந்த நெல்லும் ஒரே மரக்காலால் அளந்ததாக இருந்தால், மரக்கால் சற்றுச் சின்னது என்றாலும் வழியில் எத்தனை பங்கு சிந்தியது என்ற கணக்குத் தப்பாது. வேறு வேறு மரக்கால் என்றால் கணக்கே இல்லை. அருகில் ஒரு டிடெக்டர், தொலைவில் அதே மாதிரி இன்னொரு டிடெக்டர் வைப்பதன் சாரம் இதுதான்.

தொலைவின் எண்ணிக்கையை அருகின் எண்ணிக்கையால் வகுத்தால் என்னென்ன கழன்று போகும்? உலையின் வெப்பத்திறன் சுமார் 0.5 சதவீதத் துல்லியத்தில்தான் தெரியும். ஊட்டுநீர் ஓட்டமானியில் படிவு கட்டினால் அதுவும் நகரும். யுரேனியம், புளுட்டோனியம் பிளவுப் பங்குகள் எரிபொருள் பழையதாக ஆக மாறும். நிறமாலைக் கணிப்பில் 2011இல் தெரியவந்த 6 சதவீதக் குறை, பிறகு 5 எம்இவி பக்கத்தில் மூன்று உலைச் சோதனைகள் கண்ட மேடு, இவை கோட்பாட்டையே கேள்வி கேட்டன. ஆனாலும் அலைவின் அளவைத் தீர்மானிக்கும் கலப்புக் கோணங்களில் ஒன்றான தீட்டா-13 கோணம் அசையவில்லை, தொலைவை அருகால் வகுத்ததால். 2012 மார்ச்சில் தாயா பே 55 நாள் தரவில் அறிவித்த சைன் வர்க்க இரட்டைக்கோணம் (இந்தக் கோணத்தால் வரும் அலைவின் அளவு) 0.092, 3158 நாள் தரவில் 0.0851±0.0024.

கழன்று போகாதவை இரு டிடெக்டருக்கும் பொதுவாக இல்லாதவை. முதலில் எடை. 20 டன் திரவத்தை நிரப்பும் தொட்டியைச் சுமைமானிகள் மேல் நிறுத்தி 3 கிலோத் துல்லியத்தில் நிறுத்தார்கள் தாயா பேக்காரர்கள். இங்கே சித்திரை வெயிலில் அதைச் செய்தால் என்ன ஆகும்? இந்தத் திரவம் ஒரு டிகிரிக்கு 0.09 சதவீதம் விரியும். 20 டன்னில் டிகிரிக்கு 18 கிலோ மேலேயுள்ள வழிவுத் தொட்டிக்கு ஏறிவிடும். 3 கிலோத் துல்லியம் வேண்டுமென்றால் வெப்பத்தை ஆறில் ஒரு டிகிரிக்குள் அறிந்திருக்க வேண்டும், வழிவுத் தொட்டியின் மட்டத்தையும் தொடர்ந்து பதிய வேண்டும். அடுத்தது ஆற்றல் அளவுகோல். மிளிர்திரவம் ஆற்றலுக்கு நேர்விகிதமாக ஒளிர்வதில்லை. குறைந்த ஆற்றலில் ஒளி தணியும், மிக வேகமான துகள் தானாக எழுப்பும் செரென்கோவ் ஒளி மேலே கொஞ்சம் கூட்டும். ஜெர்மேனியம்-68, கோபால்ட்-60 போன்ற மூலங்களை வாரந்தோறும் இறக்கி வளைவைக் கட்ட வேண்டும். மையத்தில் மட்டும் இறக்கினால் போதாது, விளிம்பிலும் இறக்க வேண்டும்.

நெல்லைக்கே உரிய ஒன்று காந்தப்புலம். காந்த நடுக்கோடு நம் பக்கத்தை ஒட்டிப் போகிறது. கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வுக்கூடம் அமைந்ததன் காரணமும் அதுவே. புலம் இங்கே ஏறக்குறைய முழுக்கக் கிடையாக, வடக்கு நோக்கி, 40 மைக்ரோடெஸ்லா. 20 அங்குல ஒளிப்பெருக்கிக் குழாயில் எலக்ட்ரானின் பாதையை வளைக்க இது தாராளம். வடக்கு நோக்கிய குழாயும் கிழக்கு நோக்கிய குழாயும் ஒரே ஒளிக்கு வேறு வேறு அளவு காட்டும். ஆற்றல் திசைக்குத் திசை மாறும். செங்குத்துப் புலம் வலுத்த இடங்களுக்கான ஈட்டுச்சுருள் (புலத்தை ஈடுகட்டும் கம்பிச்சுருள்) வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து மாட்ட முடியாது. இதே காந்தப்புலம் வளிமண்டல நியூட்ரினோவையும் தொடும். செங்குத்தாக வரும் காஸ்மிக் கதிருக்குத் தென்னிந்தியாவில் தடை 17 கிகாவோல்ட் வாக்கில், உலகிலேயே உயர்ந்தவற்றில் ஒன்று. குறைந்த ஆற்றல் நியூட்ரினோ இங்கே தலைக்குமேல் குறைவாகவே பிறக்கும்; கிழக்கிலும் மேற்கிலும் அளவு வேறுபடும். வேறு ஊருக்குப் போட்ட பாய்வுக் கணக்கை இங்கே வைத்தால் மேல்-கீழ் விகிதத்தில் அலைவு மாதிரியே ஒரு பொய்ச் சாய்வு வரும்.

முடுக்கிக் கற்றைச் சோதனைகளில் அருகு-தொலைவு வகுத்தல் அவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. ஜப்பானின் டி2கே சோதனையில் அருகே பெரிதும் பிளாஸ்டிக், தொலைவில் நீர். கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றல்ல. மேலும் அலைவே தொலைவில் நிறமாலையை மாற்றிவிடுவதால், நியூட்ரினோ ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) பதில் ஒரு ஜோடியை உதைத்து ஆற்றலைக் குறைத்துக் காட்டும் பிழை இரு பக்கமும் ஒரே அளவில் விழாது. மரக்கால் ஒன்றுதான், அளக்கும் தானியம் மாறிவிட்டது.

எல்லாப் பிழையையும் ஒரே பொருத்தலில் சேர்க்கும்போது, எவை டிடெக்டர்களுக்குள் சேர்ந்து நகரும், எவை தனித்தனியே நகரும் என்ற பிரிவினைதான் உயிர். வெப்பத்திறனைச் சேர்ந்து நகர்வதாகவும் எடையைத் தனியாகவும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் முடிவின் மையம் பெரிதாக மாறாது, பிழைப்பட்டை பொய்யாகும். ஒவ்வொரு துணைமாறியையும் (ஒரு பிழைக்கு ஈடாகப் பொருத்தலில் வைக்கும் எண்ணையும்) ஒரு திட்டவிலக்கம் நகர்த்தி மறுபடி பொருத்திப் பார்க்கும்போது, நகர்த்தாத போதும் நகர்த்தியபோதும் கணினியில் உருவாக்கிய ஒரே பாவனை நிகழ்வுகளைப் பயன்படுத்த வேண்டும். புதிதாக உருவாக்கினால் பாவனையின் சொந்தப் புள்ளியியல் ஆட்டம் முறைசார் பிழையாகக் கணக்கில் ஏறிவிடும். பொருத்திய பின் ஒரு துணைமாறி தன் உள்ளீட்டுப் பிழையைவிட வெகுவாகச் சுருங்கியிருந்தால் மகிழ வேண்டாம். தரவு உண்மையிலேயே அதை அளந்ததா, மாதிரியின் விறைப்பு அதை இறுக்கிப் பிடித்ததா என்று பிரித்து அறிய வேண்டும்.

விதிகளெல்லாம் உறையும் வரை சில எண்களை ஆய்வாளர் கண்ணிலிருந்தே மறைத்துவைப்பது வழக்கம். தாயா பேயில் 2012 முடிவுக்கு முன் உலைத் திறன் வரலாறு, துல்லியத் தூரங்கள், டிடெக்டர் எடைகள் மூன்றும் மறைவாகவே இருந்தன. ஒரு டிடெக்டர் மற்றதைவிடக் கூடுதலாக எண்ணுவது தெரிந்தாலும், காரணம் அலைவா கூடுதல் திரவமா என்று பெட்டி திறக்கும்வரை யாரும் சொல்ல முடியாது. நெல்லைத் தொட்டிக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும்: பின்னணி அட்டவணையின் இரண்டு நிரலும் எழுதி முடிந்த பிறகு, கிலோ எண்ணைக் கடைசியாகத் திறப்பது.